மலைவீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாடு போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளோடு ஐந்தாறு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று ஆண்டுதோறும் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வளைகுடாவுக்கும் கிளம்புகிற பெரியவர்கள் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் பெருகிவிட்டார்கள். பெட்டியில் எத்தனை கிலோ போடலாம், ஊறுகாயை எப்படிக் கட்டலாம் என்றெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறது. விட்டுவிட்டுப் போகும் வீட்டை என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. பூட்டிய வீடுகளில் குழாய் வேலை, மின்வேலை, கூரை வேலை பார்ப்பதும், சாவியை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துக்கொள்வதும் எங்கள் தொழில். அதனால் எழுதுகிறோம். கடிதம் நீளம்தான். வெட்டியே ஆகவேண்டும் என்றால் பயணப் பெட்டி பற்றிய பகுதியை வெட்டுங்கள். தண்ணீர் பற்றியதில் கை வைக்க வேண்டாம்.

கோவையிலோ திருச்சியிலோ ஒரு வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் நட்டம் அந்த வீட்டுக்காரரோடு போகும். இங்கே வீடுகள் படிக்கட்டு மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கின்றன. மேல்வீட்டுத் தொட்டி வழிந்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக் கீழ்வீட்டின் சமையலறைச் சுவரில் வந்து நிற்கும். 2009 நவம்பர் மழையில் நீலகிரி மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது பெருமழை, மனிதர் தடுத்திருக்க முடியாது என்று சொல்லலாம். ஆனால் மழை வருவதற்கு முன்பே ஊறிக்கிடக்கும் மண்ணுக்குச் சரிய அவ்வளவு பெரிய மழை தேவையில்லை. பூட்டிய வீட்டில் மாதக்கணக்காக வழியும் தொட்டி செய்வது அதைத்தான்.

நம் ஊர்களில் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை. முறை வரும்போது மணிக்கணக்கில் வரும். ஆள் இருக்கும் வீட்டில் வழிகிற சத்தம் கேட்டு யாராவது போய் அடைப்பார்கள். பூட்டிய வீட்டில் எல்லாப் பொறுப்பும் தொட்டிக்குள் மிதக்கும் ஒரு பிளாஸ்டிக் பந்தின் தலையில். அந்தப் பந்தில் மயிரிழை வெடிப்பு விட்டால் போதும், தண்ணீர் உள்ளே புகுந்து பந்து முழுகிவிடும். முழுகிய பந்து வால்வை மூடாது. ஒவ்வொரு முறை தண்ணீர் விடும்போதும் வழிகுழாய் வழியாகப் பின்பக்கச் சரிவில் ஊற்றிக்கொண்டே இருக்கும். வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் புல் மட்டும் மற்ற இடத்தைவிடப் பச்சையாக இருக்கும்.

ஆகவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீர் மீட்டரை அடுத்துள்ள கேட் வால்வை மூடிப் பாருங்கள். மூடியபின், தண்ணீர் விடும் நேரத்தில், தொட்டிக்குள் விழும் குழாயைப் பத்து நிமிடம் கவனியுங்கள். பழைய பித்தளை கேட் வால்வுகள் பெரும்பாலும் முழுதாக மூடுவதில்லை. அடியில் மணலும் துருவும் தங்கி, தகடு உட்காராமல் நிற்கும். கையில் இறுகிவிட்டது என்பதால் மூடிவிட்டது என்று நினைக்கக் கூடாது. சொட்டுச் சொட்டாக வந்தாலும் அதைக் கழற்றிவிட்டுக் கால் திருப்பில் மூடும் பால் வால்வு போடச் சொல்லுங்கள். அரைநாள் வேலை. கடைசி நாளில் கூப்பிட்டால் பிளம்பர் கிடைக்கமாட்டார், அதனால்தான் ஒரு வாரம் முன்பே என்கிறோம்.

மேல்தொட்டியை முழுதாகக் காலி செய்துவிட்டுப் போவது சிலருக்கு வழக்கம். வேண்டாம். காலியான பிளாஸ்டிக் தொட்டி ஆடிக் காற்றில் உருண்டு பக்கத்து வீட்டு ஓட்டில் போய் விழும். ஆயிரம் லிட்டர் தொட்டியில் கால் பங்கு தண்ணீர் விட்டால் 250 கிலோ எடை, அசையாது. தொட்டியின் அடி வால்வை மூடிவிட்டு, வீட்டின் ஆகத் தாழ்வான குழாயைத் திறந்து குழாய்களில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, எல்லாவற்றையும் மூடுங்கள். மூடியைக் கட்டுக்கம்பியால் கட்டுங்கள். குரங்குக்கு அதைத் திருகித் திறக்கத் தெரியும். தலைகுந்தா, ஊட்டி, அவலாஞ்சிப் பக்கம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழுகிற இடங்களில் வெளிச்சுவரில் ஓடும் குழாயைக் கட்டாயம் வடிக்க வேண்டும். செம்புக்குழாய் வைத்த பழைய வகை சோலார் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதையும். உறைந்த தண்ணீர் பருத்துக் குழாயைப் பிளப்பது அன்றைக்குத் தெரியாது, நீங்கள் திரும்பிவந்து வால்வைத் திறக்கும் நாளில்தான் தெரியும். கண்ணாடிக்குழாய் வகைக்கு வேறு ஆபத்து: பயன்படுத்தாமல் வெயிலில் விட்டால் தண்ணீர் கொதித்து ஆவியாகித் தொட்டி வறண்டுவிடும். அதைச் சாக்கு போட்டு மூடிக் கயிற்றால் இறுகக் கட்டிவிட்டுப் போங்கள்.

அடுத்தது தடுப்புச் சுவர். கருங்கல் சுவரில் இடைவெளி விட்டுப் பதித்திருக்கும் குழாய்த் துண்டுகளை அழகு கெடுகிறது என்று சிமெண்ட் பூசி அடைத்த வீடுகள் உண்டு. வீப் ஹோல் என்று நாங்கள் சொல்லும் அந்தத் துளைகள்தான் சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீருக்கு வழி. அடைத்தால் தண்ணீர் சுவரைத் தள்ளும். முதலில் நடுவில் வயிறு தள்ளும், பிறகு மேல்வரிசைக் கல் இரண்டு பிதுங்கும். ஆறு மாதம் பூட்டுகிற வீட்டில் ஒவ்வொரு துளையிலும் ஒரு கம்பியை விட்டு முழங்கை அளவாவது குடைந்து மண்ணையும் புல்வேரையும் எடுக்க வேண்டும். மழையில் சுவர் முழுக்க நனைந்திருக்கும்போது ஒரு துளை மட்டும் காய்ந்திருந்தால் அது அடைத்திருக்கிறது என்று பொருள். சுவர் மேல் விளிம்பை ஒட்டி ஓடும் சிறு கால்வாயைச் செதுக்கிச் சுத்தம் செய்து, அதன் தண்ணீர் பொதுக் கால்வாயில் விழுகிறதா, கீழ்வீட்டு வாசலில் விழுகிறதா என்று ஒரு குடம் ஊற்றிப் பாருங்கள். வயிறு தள்ளிய சுவரை அப்படியே விட்டுவிட்டு விமானம் ஏறுவது எந்த வகையிலும் நியாயம் இல்லை. பயணத்தைத் தள்ளிப்போட முடியாதென்றால் கீழ்வீட்டுக்காரரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

எந்த மாதம் கிளம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்ற வேலை. ஏப்ரலில் போய் அக்டோபரில் வருகிறவர்களின் வீடு தென்மேற்குப் பருவமழை முழுவதையும் பூட்டியபடி தாங்க வேண்டும். கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி, மஞ்சூர்ப் பக்கம் அதுதான் பெரிய மழை. குன்னூர், கோத்தகிரிக்கோ ஆபத்தான மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்கு. பனிக்குப் பயந்து நவம்பரில் துபாய்க்கும் சிட்னிக்கும் கிளம்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மழை நின்றபின் கிளம்ப முடிந்தால் நல்லது. முடியாதென்றால் சாவி வைத்திருப்பவருக்கு வேலை கூடுதல், கூலியும் கூடுதல்.

ஓட்டு வீடாக இருந்தால் உச்சி வெயில் நேரத்தில் மச்சில் ஏறி, விளக்கில்லாமல் மேலே பாருங்கள். நகர்ந்த ஓடு இருக்கும் இடத்தில் வெளிச்சப் பொட்டு தெரியும். சாக்பீசால் அந்த ஓட்டைத் தாங்கும் மரச்சட்டத்தில் (ரீப்பர்) குறி போட்டுவிட்டு இறங்கினால் கூரை வேலை செய்பவர் தேடவேண்டியதில்லை. மங்களூர் ஓடு ஒரு பத்து உருப்படியாவது வாங்கிச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டுப் போங்கள். பழைய ஓட்டுக்குப் புது ஓட்டின் கொக்கி பொருந்தாத சங்கடம் உண்டு, ஆகவே அதே கம்பெனி முத்திரை உள்ள பழைய ஓடாகப் பார்த்து வாங்குங்கள். தகரக் கூரையில், தகரத்தைச் சட்டத்தோடு பிடிக்கும் கொக்கி ஆணியான ஜே-போல்ட்டுக்கு அடியில் இருக்கும் வாஷர் வெயிலில் காய்ந்து உடைந்திருக்கும். ஒழுக்கு பெரும்பாலும் அங்கேதான், தகரத்தில் இல்லை. கூரை விளிம்புக் கால்வாயை ஏப்ரலில் வழித்துவிட்டுப் போனால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். கோடையில் சில்வர் ஓக் உதிர்க்கும் சீப்பு மாதிரியான இலை ஒன்றோடொன்று பின்னிப் பாய்போலப் படிந்துவிடும். கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) உரிபட்டை அதன்மேல் சேரும். மே கடைசியில் இன்னொரு முறை வழிக்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போகவேண்டும்.

வீட்டின் மேல் சாய்ந்து நிற்கும் கற்பூர மரமோ சீகை (வாட்டில்) மரமோ இருந்தால் அதைப் போகிற வாரத்தில் வெட்ட முடியாது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். மனு, நேரில் ஆய்வு என்று நாளாகும். டிக்கெட் எடுக்கும்போதே மனு கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்த வீட்டின் மேல் விழும் என்று தெரியும்படி படம் எடுத்து இணையுங்கள்.

ஈரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்றேதான்: தூசி புகக்கூடாதென்று எல்லா ஓட்டையையும் அடைத்துவிடுவது. காற்றோட்டம் நின்ற வீட்டில் மூன்றே வாரத்தில் அலமாரிக் கதவின் உள்பக்கம் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். வென்டிலேட்டர்களைத் திறந்தே விட்டுக் கொசுவலைக் கம்பி அடியுங்கள். அறைக்கதவுகள், அலமாரிக் கதவுகள், டிராயர்கள் எல்லாம் ஒரு சாண் திறந்திருக்கட்டும். அலமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து நான்கு அங்குலம் நகர்த்துங்கள். மெத்தையைப் படுக்கப்போடாமல் உள்சுவரில் சாத்தி நிறுத்துங்கள். மரத்தளம் போட்ட பழைய வீடுகளில் அடித்தளத்தில் வெளியே தெரியும் கம்பிவலைத் துவாரங்களை மண்ணோ செடியோ மூடியிருந்தால் அகற்றுங்கள். அவை அடைத்தால் பலகை அடியிலிருந்தே உளுத்துப்போகும்.

கம்பளி, ஸ்வெட்டர், சால்வையை நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, சூடு ஆறியபின் பருத்தித் துணியில் கட்டுங்கள். சூட்டோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் பைக்குள்ளேயே வேர்த்துவிடும். பட்டுப்புடவைக்கும் பழைய வேட்டித்துணிதான் சிறந்தது. வீட்டுப் பத்திரம், பட்டா, சான்றிதழ்களை வங்கி லாக்கரில் வைப்பது மேல். வீட்டில்தான் என்றால் ரப்பர் விளிம்பு உள்ள டப்பாவில் 100 கிராம் சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்கள். நீல மணி இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வரும், அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்க வேண்டாம். கடையில் விற்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் தண்ணீரைக் கீழே சேர்ப்பவை. நிரம்பினால் கவிழ்ந்து துணியைக் கெடுக்கும், ஆகவே அவற்றைத் தொங்கவிடாமல் ஒரு கிண்ணத்துக்குள் வையுங்கள்.

பிரிட்ஜைக் கழுவித் துடைத்து, மடித்த துணியைக் கதவிடுக்கில் செருகி, திறந்தபடி விடவேண்டும். வாஷிங் மெஷினும் அப்படியே. குளியலறை, சமையலறைச் சாக்கடை வளைவுகளில் நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. மாதக்கணக்கில் ஆவியாகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி மேலே இரண்டு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் கூடாது, நம் குளிரில் கட்டியாகிப் படலமாக நிற்காமல் உடைந்துவிடும். விளக்கெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ போதும்.

அந்த எண்ணெய்ப் புட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடி கதவை உடைப்பது எண்ணெய், வெல்லம், தேன், நெய் வாசனைக்குத்தான். பூஜை அறைத் தூண்டாமணி விளக்கில் மிச்சம் இருக்கும் எண்ணெய்கூட அதற்குப் போதும். விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக் காயவைத்துவிடுங்கள். அரிசி, பருப்பு, மாவு எதையும் வைக்காமல் கொடுத்துவிடுங்கள். தோட்டத்தில் பிளம்ஸ், பேரி, கொய்யா இருந்தால் பறித்துக்கொள்ளும் உரிமையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். உதிர்ந்து அழுகும் பழம் கரடியையும் குரங்கையும் சேர்த்து அழைக்கும். துணி காயப்போடும் கம்பியை அவிழ்த்து உள்ளே வையுங்கள், காட்டெருமைக் கொம்பில் அது சிக்கினால் அதற்கும் துன்பம், வேலிக்கும் துன்பம். செப்டிக் டேங்க் மூடி விரிசல் விட்டிருந்தால் மாற்றியே ஆகவேண்டும். அதன்மேல் காட்டெருமை கால் வைத்தால் மூடி தாங்காது. கணப்புப் புகைபோக்கியின் வாயைக் கோழிவலைக் கம்பியால் கட்டுங்கள், திறந்து விட்டால் பறவை கூடு கட்டும். எலிமருந்து வைத்துவிட்டுப் போவது கெட்ட யோசனை; செத்த எலி எங்கே கிடக்கிறது என்று யார் தேடுவது? விரல் நுழையும் ஓட்டைகளைச் சிமெண்டும் கம்பித் தேய்ப்பானும் சேர்த்து அடைத்தால் போதும்.

மின்சாரத்தில் மெயினை அணைத்துவிடுவது எல்லாவற்றிலும் பாதுகாப்பு. வாசலில் ஒரு விளக்கு எரியவேண்டும் என்று நினைத்தால் அந்த விளக்குக்குப் போகும் ஒரு எம்சிபி (மெயின் பெட்டியில் உள்ள சிறு சுவிட்ச்) மட்டும் மேலே இருக்கட்டும். இருட்டினால் தானே எரியும் சென்சார் பல்பு 9 வாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு ஆறேழு யூனிட்தான், இலவச 100 யூனிட்டுக்குள் அடங்கும். பகலிலும் எரியும் விளக்கு ஆள் இல்லை என்று ஊருக்கே சொல்லிவிடும். டிவி, மோடம், கீசர் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கி வையுங்கள். சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் இடி இறங்குகிற ஊர் இது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, முழு சார்ஜ் ஏற்றி, முனைகளைக் கழற்றிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாட்டிச் சார்ஜ் ஏற்றாவிட்டால் தகட்டில் உப்புப் பூத்து பேட்டரி செத்துவிடும். காருக்கும் எதிர்முனையைக் கழற்றுங்கள். ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஈரத்தில் பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டால் திரும்பிவந்த அன்று கார் நகராது. சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றிப் பிளாஸ்டிக் மூடியைப் போடுங்கள்.

மின்கட்டணத்துக்கு முன்பணம் கட்டிவைக்க வாரியத்தின் இணையதளத்திலேயே வசதி உண்டு. மீட்டர் கதவுக்கு உள்ளே இருந்தால் கணக்கெடுக்க வருபவர் திறக்கும்படி சாவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். சொத்துவரி அரையாண்டு தொடங்கிய முப்பது நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள், அக்டோபர் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை கழியும். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் ஏறும்.

சாவி யாரிடம்? பாசத்தை நம்பிக் கொடுக்காதீர்கள். கூலி பேசிக் கொடுங்கள். "அண்ணே, அப்பப்போ எட்டிப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனால் அந்த அண்ணன் முதல் மாதம் எட்டிப் பார்ப்பார், மூன்றாம் மாதம் அவருக்கும் தோட்ட வேலை வந்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வெயில் உள்ள நாளில் காலை பதினொன்று முதல் இரண்டு மணி வரை ஜன்னல்களைத் திறந்து வைப்பது, கூரையின் அடியைப் பார்ப்பது, தொட்டியின் வழிகுழாய் அடியில் மண் ஈரமா என்று தொட்டுப் பார்ப்பது, சுவர்த் துளைகளைப் பார்ப்பது, ஒவ்வொரு சாக்கடை வாயிலும் ஒரு செம்பு தண்ணீர், இரண்டு ஸ்பூன் எண்ணெய். இதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வால்வு எங்கே, மெயின் எங்கே, பிளம்பர் யார், ஆபத்து நேரத்தில் பூட்டை உடைக்க அனுமதி உண்டு என்பதையும் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுங்கள். நள்ளிரவில் மேல்வீட்டிலிருந்து தண்ணீர் கொட்டும்போது, உடைத்தால் கேஸ் வருமோ என்று கீழ்வீட்டுக்காரர் தயங்கி நிற்பதுதான் வழக்கமாக நடப்பது. பிள்ளைகள் மாட்டிவிட்ட கேமரா மழையில் மின்சாரம் இரண்டு நாள் போனால் குருடு. எதிர்வீட்டு அக்காவின் கண் அப்படியல்ல. காவல் நிலையத்தில் பூட்டிய வீடு என்று எழுதிக் கொடுத்தால் ரோந்து வரும்போது பார்ப்பார்கள். பால், பேப்பரை நிறுத்துங்கள்.

இங்கே உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாகக் குழாய் இணைப்புக் கொடுக்கும்போது மூடும் வால்வை மதிலுக்கு வெளியே, தெருப்பக்கம் பூட்டுள்ள சிறு பெட்டியில் வைக்கச் சொல்லலாம். தண்ணீர் திறந்துவிடும் ஊழியர் கையில் அதன் சாவி இருந்தால், பூட்டிய வீட்டை உடைக்காமலேயே தண்ணீரை நிறுத்த முடியும். ஆறு மாதத்துக்கு மேல் பூட்டும் வீட்டுக்காரர் சாவி வைத்திருப்பவரின் பெயரை வார்டு அலுவலகத்தில் எழுதிவைக்கும் வழக்கம் வந்தால் இன்னும் நல்லது.

காகித விஷயத்தில் அடிக்கடி இடறுவது இரண்டு மூன்றுதான். பத்தாண்டு அமெரிக்க விசா இருக்கிறது என்பதால் நினைத்தவரை தங்க முடியாது. விமான நிலையத்தில் பதியும் ஐ-94 என்ற வருகைப் பதிவில் உள்ள தேதிதான் கணக்கு, வழக்கமாக ஆறு மாதம். நீட்டிக்க வேண்டுமென்றால் அந்தத் தேதிக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான். பெற்றோர், தாத்தா பாட்டிகளுக்கான கனடாவின் சூப்பர் விசாவில் 2022 ஜூலையிலிருந்து ஒரு நுழைவுக்கு ஐந்தாண்டு வரை இருக்கலாம், ஆனால் குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும்.

அருவங்காடு, வெலிங்டன் பக்கம் ஓய்வூதியர்கள் நிறைய. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு உயிர்வாழ் சான்று நவம்பரில், 80 வயது கடந்தவர்களுக்கு அக்டோபரிலிருந்தே. மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு ஓய்வு பெற்ற மாதத்தில் நேர்காணல். பி.எஃப். ஓய்வூதியர்கள் எந்த மாதம் கொடுத்தாலும் பன்னிரண்டு மாதம் செல்லும், ஆகவே கிளம்பும் முன் கொடுத்துவிடுவது சுலபம். வெளிநாட்டிலிருந்தே ஜீவன் பிரமாண் செயலியில் முகம் காட்டிச் சான்று அனுப்பலாம். இங்கே இருக்கும்போதே ஒருமுறை செய்து பழகிவிடுங்கள், ஓ.டி.பி. இந்திய எண்ணுக்கு வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த சிம்முக்கு ஓராண்டுத் திட்டம் ரீசார்ஜ் செய்து, சர்வதேச ரோமிங்கை இங்கிருந்தே திறந்துகொண்டு போகவேண்டும். அங்கே போனபின் திறக்கலாம் என்றால் அதற்கே ஒரு ஓ.டி.பி. கேட்கும்.

மருந்துகளை மூலப்பொருள் பெயர் எழுதிய சீட்டோடு, அட்டையிலிருந்து பிரிக்காமல் எடுத்துச் செல்லுங்கள். இன்சுலின் கைப்பையில்தான் இருக்கவேண்டும், சரக்கறைக் குளிரில் உறைந்தால் பயனில்லை. பல் வேலையை இங்கேயே முடித்துவிடுங்கள். பயணக் காப்பீடு பெரும்பாலும் அதற்குக் கைவிரிக்கும். வளைகுடாவுக்குக் கசகசா கூடாது, அது சேர்ந்த மசாலாப்பொடியும் கூடாது. அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை கூடாது. கொப்பரைத் தேங்காயை விமானத்தில் விடமாட்டார்கள். நீலகிரித் தைலம் தீப்பிடிக்கும் எண்ணெய், கசிந்தால் பெட்டி முழுக்க அதே வாசம், விட்டுவிடுங்கள். தேயிலைத் தூளுக்குத் தடையில்லை. நம் ஊர் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கியைக் கொண்டுபோகிறவர்கள் தகர டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் பேரப்பிள்ளைக்குத் தூள்தான் கிடைக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை விமானம் என்றால் முந்தின நாளே மலையிறங்கிக் கோவையில் தங்கிவிடுங்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பர்லியார் வழி அடைத்தால் கோத்தகிரி வழி என்ற கணக்கு பெரும்பாலும் சரிவரும், இரண்டும் ஒரே இரவில் அடைத்தால் என்ன செய்வீர்கள்? வழியனுப்ப வெளியூரிலிருந்து கார் வந்தால் அதற்கு நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுக்கவேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டுங்கள். நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிகளுக்குத்தான் தேவையில்லை.

திரும்பி வரும் நாளில் கதவைத் திறந்ததும் சுவிட்சைத் தொடாமல் முதலில் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள், எலி கடித்த கேஸ் டியூப் இருக்கலாம். மீட்டர் வால்வைக் கால் பங்கு மட்டும் திறந்துவிட்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து எங்காவது பீச்சுகிறதா என்று பாருங்கள். முதலில் வரும் துருத்தண்ணீரைத் தோட்டத்துக் குழாயில் போகவிடுங்கள். தொட்டியில் மிச்சமிருக்கும் பழைய தண்ணீரைக் குடிக்காமல் வடித்துத் தேய்த்துக் கழுவுங்கள். கீசரின் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, காற்று சீறி அடங்கித் தண்ணீர் ஒழுங்காக வந்தபிறகே மின்சாரம் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் உள்ளே காயில் கருகிவிடும். சோலார் கண்ணாடிக்குழாய் வறண்டு கிடந்தால் வெயில் ஏறியபின் தண்ணீர் விடவே கூடாது. சூடேறிய குழாயில் குளிர்ந்த தண்ணீர் பட்ட உடனே வெடிக்கும். மறுநாள் விடியற்காலையில், சாக்கை எடுக்கும் முன்பே நிரப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
பூட்டிய வீடுகளைப் பராமரிக்கும் தொழிலாளர்கள் சிலர்,
குன்னூர் – கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.